கூரைப் பாறையின் குணம்
(நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வகுப்பில் நிகழ்த்திய உரை)



கூரை சரிந்து தொழிலாளி மாண்டால், "எதிர்பாராத விபத்து" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். 2003 அக்டோபரில் கோதாவரிகனியில் ஒரே கூரைச் சரிவு பத்துப் பேரைப் பலிகொண்டது. பாறையின் குணத்தை முன்கூட்டி அறிய வழியே இல்லையா? இருக்கிறது.

வேலை தொடங்குமுன் கூரையை இரும்புத் தடியால் தட்டிப் பார்க்கிறோம். கணீரென்றால் கெட்டி; தொம்மென்றால் அடுக்கு விட்டிருக்கிறது. சுரங்கம் வெட்டுவதற்கு முன்பே, பல நூறு அடி ஆழத்தில் விஞ்ஞானம் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஆழ்துளைக்குள் கம்பிவடத்தில் கருவியை இறக்கி, பாறைக்குள் ஒலி ஓடும் வேகத்தைப் பதிவு செய்கிறார்கள். நிலக்கரியில் அது வினாடிக்குச் சுமார் 2,400 மீட்டர். இறுகிய மணற்கல்லில் 4,000ஐயும் தாண்டும். இன்னொரு கருவி காமாக் கதிரை அளந்து களிப்பாறை எங்கே என்று காட்டும். 1927ல் பிரான்சில் எண்ணெய்க்காகப் பிறந்த கலை இது.

துளையிடும்போது கிடைக்கும் கல் உருளை போதாதா என்று கேட்கலாம். போதாது. பலவீனமான அடுக்கு பொடியாகிப் போய்விடும். பெட்டியில் அந்த இடம் காலியாகவே இருக்கும். கூரை முறிவதோ பெரும்பாலும் அங்கேதான்! கருவியின் பதிவில் அந்த இடமும் விழும். ஆனால் இதைச் சாக்கிட்டு உருளை எடுப்பதையே நிறுத்திச் செலவை மிச்சம் பிடிக்க விடக்கூடாது. அந்தந்த வயலின் கல்லை நசுக்கிப் பார்த்துத்தான் ஒலி வேகத்தைப் பலமாகக் கணக்கிட முடியும். ஆஸ்திரேலிய வயலுக்குப் போட்ட சூத்திரத்தை அப்படியே கோதாவரிக்குப் போடுவது கணக்கல்ல, சூதாட்டம்.

மேலும், பலம் மட்டும் போதாது. தன்பாத் ஆராய்ச்சியாளர்கள் வகுத்த முறையில் கூரைக்கு நூறு மதிப்பெண். அடுக்கின் கனத்துக்கு 30, வெடிப்பு, பிளவுகளுக்கு 25, நீர் பட்டால் கரையும் தன்மைக்கு 20, பாறையின் பலத்துக்கு 15, நீர்க்கசிவுக்கு 10. "கூரை கெட்டியான மணற்கல்" என்று அதிகாரி சொன்னால் 15 மதிப்பெண்ணைப் பற்றித்தான் சொல்கிறார். சீட்டுக்கட்டு போல மெல்லிய அடுக்குகளானால் அந்தக் கெட்டி நம்மைக் காப்பாற்றாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இது: நம் வேலைத்தளத்துக்கு மிக அருகிலுள்ள துளை எது, எவ்வளவு தூரம்? அதன் பதிவு எங்கே? அதைப் பார்த்துத்தான் ரூப் போல்ட்டுகளின் நீளமும் இடைவெளியும் முடிவாயிற்றா? இரண்டு துளைகளுக்கு நடுவிலுள்ள பிளவு எந்தப் பதிவிலும் விழாது. அங்கே கூரையைத் தட்டிப் பார்க்க நமக்கு நேரம் வேண்டும். அடுத்த பாதுகாப்புக் கமிட்டிக் கூட்டத்தில் அந்தப் பதிவுச் சுருளை மேசைமீது விரிக்கச் சொல்லுங்கள்.