ஸ்ரீபெரும்புதூரைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?



'தமிழும் அடுத்த தலைமுறையும்' என்று எனக்குப் பேசத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். போன வருடமும் இதே தலைப்புத்தான் என்று கேள்விப்பட்டேன். அதனால் நான் கொஞ்சம் சுற்றி வருகிறேன். தலைப்புக்கு வந்துவிடுவேன், செயலாளர் பயப்பட வேண்டாம்.

நண்பர் ஒருவரின் மகனுக்குப் பள்ளியில் விவாதப் போட்டி. வெளிநாட்டில் போய்ப் பயங்கரவாதத்தோடு போரிட்டால் நம் நாடு பத்திரமாக இருக்குமா என்பது கேள்வி. சிட்னியில் வளரும் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்விதான். 2001-ல் ஆஸ்திரேலியப் படை ஆப்கானிஸ்தான் போனது. மறுவருடம் பாலியில் குண்டு வெடித்து 202 பேர் இறந்தார்கள், அவர்களில் 88 பேர் இந்த நாட்டுக்காரர்கள். பையன் இதை எழுதியிருந்தான். 2004 மாட்ரிட் ரயில்கள், 2005 லண்டன், 2014-ல் நம் மார்ட்டின் பிளேஸ் காபிக் கடை, எதையும் விடவில்லை. படித்துவிட்டு, "ஸ்ரீபெரும்புதூரைக் காணோமேப்பா?" என்றேன்.

"அது கார் ஃபேக்டரி இருக்கிற ஊர்தானே, அங்கிள்?" என்றான்.

சிரிக்கிறீர்கள். அவன் அப்பா அங்கே வேலை பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தார். வீட்டில் அந்த ஊரைப் பற்றி என்ன பேசினார்களோ அதைத்தானே அவன் சொல்வான்?

இந்த அரங்கில் கடலின் இரண்டு கரைக்காரர்களும் இருக்கிறோம். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லித்தர முடியாது. ஜூலை 29-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம், மறுநாள் கொழும்பு அணிவகுப்பில் பிரதமர் ராஜீவ் காந்திமீது சிங்களக் கடற்படைச் சிப்பாயின் துப்பாக்கிக் கட்டை, அமைதி காக்க வந்த இந்தியப் படையே அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை, யாழ் ஆஸ்பத்திரிக்குள் துப்பாக்கிச் சூடு. இந்தியச் சிப்பாய்களும் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். 1990 மார்ச்சில் மிச்சப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. என் கரையில் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

என் ஊர் மரக்காணம். இப்போது ஈ.சி.ஆரில் காரில் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கி உப்பு மேட்டைப் படம் எடுக்கிறார்கள். அந்த மேட்டின்மேல் பனை ஓலையை அடுக்கிக் கைகிழிந்தவர்களுக்குப் படம் எடுக்கத் தோன்றாது. தை மாதம் பாத்தி மிதித்து மட்டம் பண்ணி, தண்ணீர் கட்டி, சித்திரை வெயிலில் வாருவார்கள். விடியும் முன்னே இறங்கினால்தான் உண்டு. ஒன்பது மணிக்கெல்லாம் வெளுப்பு கண்ணைக் குத்தும்; நீண்ட கழியில் கட்டிய பலகையால் இழுத்து வரப்போரம் சேர்த்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்தால், ஒழுகும் தண்ணீர் கழுத்துப் புண்ணில் இறங்கும். அம்மா அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். அதற்கு மேல் வைத்தியம் கிடையாது.

1990 ஜூனில் இலங்கையில் மறுபடி சண்டை மூண்டு படகு படகாக ராமேசுவரத்தில் இறங்கினார்களே, அவர்களில் சிலர் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கும் கீழ்புத்துப்பட்டு அகதி முகாமுக்கு வந்தார்கள். அங்கிருந்து ஓர் அண்ணன் எங்கள் உப்பளத்துக்குக் கூடை தூக்க வந்தார். ஊரில் வாத்தியார் வேலைக்குப் படித்தவர். வேலை முடிந்ததும் வரப்பில் உட்காரவைத்து எனக்குக் கணக்குச் சொல்லித்தருவார். "தம்பி, விடை வந்தால் போதாது, வந்த வழியைக் காட்டும்" என்பார். எங்கள் வாத்தியார் வழியைக் கேட்டதே இல்லை, விடை தப்பினால் முதுகுதான்!

1991 மே 21 இரவு, பக்கத்து மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரில் புலிகளின் மனித வெடிகுண்டு ராஜீவ் காந்தியைக் கொன்றது. ராஜீவோடு காவலர்கள், கட்சிக்காரர்கள், ஒரு சிறுமி. மறுநாள் லாரி இல்லை, பஸ் இல்லை. வாரிய உப்பு அப்படியே கிடந்தது. பிறகு அளம் திறந்தது, அண்ணன் வந்தார். மேஸ்திரி, "முகாம் ஆளுங்க இனிமே வேணாம்பா, போலீசு கேக்குது" என்றார். அண்ணன் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். எந்தச் சண்டையிலிருந்து ஓடி வந்தாரோ அந்தச் சண்டையின் பெயரைச் சொல்லியே அவர் கூலி போயிற்று. 1992-ல் முகாம்காரர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அவர் எந்தக் கப்பலில் போனாரோ, போனாரோ இல்லையோ, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் கேட்டால், படை அனுப்பியதால்தான் குண்டு வந்தது என்று பையன் சட்டென்று எழுதிவிடுவான். அவனிடம் இன்னும் மூன்று விஷயம் சொன்னேன். 1984 ஆகஸ்ட்டில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தபோது இந்தியா படையே அனுப்பியிருக்கவில்லை; ஈழ இயக்கங்களுக்கு இடமும் பயிற்சியும்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. இந்தியப் படையை வெளியே போகச் சொன்னவர் இலங்கை அதிபர் பிரேமதாசா, அதற்காகப் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தவர். 1993 மே தினத்தில் அவரையும் குண்டுதான் கொன்றது. மூன்றாவது, 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், ராஜீவ் கொலை தடா சட்டத்தின்படி பயங்கரவாதச் செயல் ஆகாது என்றது. படை அனுப்பியவர்மேல் இருந்த பகை, அவர் மறுபடி பதவிக்கு வந்துவிடக் கூடாது என்ற எண்ணம், இதுதான் நோக்கமாக வழக்கில் நின்றது. என் கணக்குப்படி, அங்கே போரிட்டால் இங்கே பத்திரம் என்று 1987-ல் எவராவது நம்பியிருந்தால் அது பொய்த்துவிட்டது. ஒதுங்கியிருந்தால் பத்திரம் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2008-ல் மும்பைக்குக் கடல் வழியே வந்தார்களே, இந்தியா எந்த நாட்டில் போரிடப் படை அனுப்பியிருந்தது?

மும்பைக்குப் பிறகு எங்கள் கரையிலும் 'சாகர் கவச்' ஒத்திகை. போலீஸ்காரர்களே தீவிரவாதி வேடத்தில் படகில் வருவார்கள், மீனவர்கள் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒருமுறை எங்கள் பெரியம்மா அவர்களைப் பார்த்து, "ஏம்பா, வெயில்ல சுத்துறீங்களே, மோர் குடிக்கிறீங்களா?" என்று கேட்டாராம். நாட்டின் பாதுகாப்பு பெரியம்மா கையில் இருந்தது!

சரி, தலைப்புக்கு வருகிறேன். பெற்றோர்களே, நம் வீட்டுத் தமிழ் என்ன தமிழ்? "சாப்பிட்டியா, சீக்கிரம் கிளம்பு, செருப்பைக் கழட்டு." போர், கோர்ட்டு, தேர்தல், பயம், துக்கம் எல்லாம் ஆங்கிலத்தில். பெரிய விஷயம் பேச உதவாத மொழியைப் பதினாறு வயதுப் பிள்ளை எதற்காக வைத்துக்கொள்ளும்? திருக்குறள் ஒப்பித்தலுக்குக் கோப்பை கொடுக்கிறோம், கொடுப்போம். ஆனால் 1987-ஐயும் 1991-ஐயும் பற்றி இந்த அரங்கில் இருப்பவர்கள் பேச ஆரம்பித்தால் பக்கத்து நாற்காலிக்காரர் முகம் மாறுமோ என்று வாயை மூடிக்கொள்கிறோம். மாறட்டுமே. முகம் மாறினாலும் ஒரே பந்தியில்தானே சாப்பிடப் போகிறோம்?

சனிக்கிழமை வகுப்பு ஆசிரியைகளிடம் கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கைப்பேசியோடு வருவார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களும் தமிழ்நாட்டில் இருந்தவர்களும் அவரவர் கண்டதைத் தமிழில் சொல்ல வேண்டும். இடையில் ஆங்கிலத்துக்குத் தாவினால் ஐந்து டாலர் அபராதம். பெயர் எழுதும் தாள் வாசலில் காபி மேசைமேல் இருக்கிறது. நான் முதல் பெயராக எழுதிவிட்டேன், பேனாவும் அங்கேயே கிடக்கிறது.