அடக்கக் கூடாததும் அடக்க வேண்டியதும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆயுர்வேத மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பங்குனி பாதி கடந்துவிட்டது. ஒரு பக்கம் தேர்வுப் பணி, மறுபக்கம் வெயில். கோடையில் என்ன சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதையும் சொல்கிறேன். அதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. காலையில் நீங்கள் நிரப்பிக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில், மாலை வீடு திரும்பும்போது எந்த அளவில் இருக்கிறது?

சிலர் சிரிக்கிறீர்கள். பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது என்றுதான் அந்தச் சிரிப்புக்குப் பொருள். நீர்க்கடுப்பு என்று சிகிச்சைக்கு வரும் ஆசிரியைகளிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும் டாக்டர். அதான் சாயங்காலம் வரைக்கும் குடிக்கிறதில்ல." தாகத்தையும் அடக்கி, சிறுநீரையும் அடக்கி ஒரு நாள் முழுவதும் நின்றுகொண்டே பாடம் நடத்துகிறார்கள்.

சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் 6ஆம் அத்தியாயம் பருவத்துக்கேற்ற உணவையும் நடைமுறையையும் சொல்கிறது. அதற்கு அடுத்த 7ஆம் அத்தியாயம், உடம்பின் இயல்பான வேகங்களை அடக்கக் கூடாது என்று தொடங்குகிறது. சிறுநீர், மலம், தும்மல், பசி, தாகம், தூக்கம் என்று மொத்தம் 13 வேகங்களை அது பட்டியலிடுகிறது. சிறுநீரை அடக்கினால் அடிவயிறு உப்பும், நீர் பிரியும்போது வலிக்கும், தலை நோகும் என்கிறது. தாகத்தை அடக்கினால் வாயும் தொண்டையும் வறளும், காது மந்தமாகும், களைப்பு வரும் என்கிறது. மாலை நான்கு மணிக்கு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து எழுதியதுபோல இல்லையா?

இனி பருவத்துக்கு வருவோம். சூரியன் வடக்கு நோக்கி நகரும் ஆறு மாதங்களை ஆயுர்வேதம் 'ஆதான காலம்' என்கிறது. உலகத்தின் ஈரத்தையும் உயிர்களின் வலிமையையும் சூரியன் எடுத்துக்கொள்ளும் காலம் என்று பொருள். பனிக்காலத்தில் நன்றாக இருக்கும் வலிமை, இளவேனிலில் நடுத்தரமாகி, முதுவேனிலில் மிகவும் குறைகிறது. பனிக்காலத்தில் சேர்ந்த கபம் இளவேனில் வெயிலில் உருகுவதால் செரிமானமும் மந்தப்படுகிறது. நம் ஊர்க் கணக்கில் சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஆனால் நமக்கு வெயில் பங்குனியிலேயே ஏறிவிடுகிறது. ஆகவே நாள்காட்டியைவிட உடம்பைப் பார்த்து நடப்பதே நல்லது.

பருவம் மாறும்போது பழக்கத்தை ஒரே நாளில் மாற்றக் கூடாது. முடியும் பருவத்தின் கடைசி ஏழு நாளும் வரும் பருவத்தின் முதல் ஏழு நாளும் சேர்ந்த 14 நாளை 'ருதுசந்தி' என்பார்கள். அந்த இடைவெளியில் பழையதைச் சிறிது சிறிதாக விட்டு, புதியதைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். முதல் வெயில் அடித்த அன்றே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஐஸ் தண்ணீர் குடிப்பதும், மறுநாள் தொண்டை கட்டி வகுப்பில் குரல் இல்லாமல் நிற்பதும் வேண்டாம். மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி போதும். கழுவிக் காயவைத்த வெட்டிவேரைத் துணியில் முடிந்து பானையில் போடலாம்.

உணவில் காரம், புளி, உப்பு மூன்றையும் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், கடை வடை ஆகியவை கொஞ்ச நாள் ஒதுங்கட்டும். எளிதில் செரிப்பதும் நீர்ச்சத்து மிகுந்ததுமான உணவு போதும். வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு, தர்பூசணி, பூசணி, சுரைக்காய், பீர்க்கங்காய் எல்லாம் இப்போது சந்தையில் கிடைக்கின்றன. காலையில் நீராகாரத்தோடு பழைய சோறும் சின்ன வெங்காயமும் நல்ல உணவு. தயிர் குளிர்ச்சி என்று நினைக்கிறோம்; ஆயுர்வேதம் அதைச் சூடு என்கிறது, கோடையில் விலக்கச் சொல்கிறது. புளித்த மோரும் ஆகாது. அன்றைக்குக் கடைந்த புளிக்காத மோரில் தண்ணீர் நிறையச் சேர்த்து, கறிவேப்பிலையும் சிறிது சீரகமும் போட்டுக் குடிக்கலாம். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை சேர்ந்த பானகமும் நல்லது. ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்குப் பானகம் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் வெயிலைக் காரணம் காட்டி அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு சொல். 'அர்த்த சக்தி', அதாவது பாதி வலிமை அளவுக்கே உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது ஆயுர்வேத விதி. நெற்றியிலும் மூக்கிலும் வியர்வை அரும்பி, வாய் உலரத் தொடங்கினால் பாதி வலிமை செலவாகிவிட்டது என்று அறியலாம். அதுவும் பனிக்காலத்துக்கும் இளவேனிலுக்கும் சொன்ன அளவு. கடுங்கோடையில் அதற்கும் குறைவாகத்தான். ஆகவே விளையாட்டு வகுப்பு முதல் பாடவேளையிலோ நிழலிலோ நடக்கட்டும். மாணவர் ஒருவர் உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சுக் குழறி, தடுமாறினால் அது வெப்பத் தாக்கம். அப்போது மோரும் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இப்போது முதலில் சொன்ன 7ஆம் அத்தியாயத்துக்குத் திரும்புகிறேன். அதே அத்தியாயம் அடக்க வேண்டிய வேகங்களையும் சொல்கிறது. பேராசை, பயம், கோபம், கடுஞ்சொல் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. நாம் என்ன செய்கிறோம்? காலை முதல் தாகத்தையும் சிறுநீரையும் அடக்குகிறோம். கடைசிப் பாடவேளையில் கோபத்தை அவிழ்த்துவிடுகிறோம். அடக்கக் கூடாததை அடக்கி, அடக்க வேண்டியதை விட்டுவிடுகிறோம். உடம்பு வறண்டால் தலை வலிக்கும், பொறுமை குறையும். அன்றைக்கு ஒரு பிள்ளை வாங்கும் திட்டில், நாம் குடிக்காமல் விட்ட தண்ணீருக்கும் பங்கு உண்டு.

பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். "ஒண்ணுக்குப் போகணும் சார்" என்று ஒரு பையன் விரலைக் காட்டுகிறான். "இப்பத்தானே இன்டர்வெல் விட்டாங்க, உட்காரு" என்கிறோம். அடக்கிக்கொள்ள அவனுக்கு நாம் கற்றுக்கொடுக்கிறோம். அவனைவிட அதிகம் அடக்குபவர்கள் வளரிளம் பெண்கள். கழிப்பறை சுத்தமாக இல்லை என்றால் அவர்கள் கேட்கவே மாட்டார்கள். தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

2019ஆம் ஆண்டில் கேரளத்துப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' என்ற வழக்கம் பரவலானது. மணி அடித்ததும் எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும். நம் பள்ளிகளுக்கும் அந்த மணி பொருந்தும். ஆனால் தண்ணீர் குடிக்க ஒரு மணி போதாது. குடித்த தண்ணீர் வெளியேற நல்ல கழிப்பறையும், அங்கே போய்வர இரண்டு நிமிட அனுமதியும் வேண்டும். இது தலைமையாசிரியர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்.

உங்களுக்கு மூன்றே மூன்று வேலை தருகிறேன். மணி அடித்ததும் பிள்ளைகளோடு நின்று நீங்களும் குடியுங்கள். ஆசிரியர் குடித்தால் வகுப்பே குடிக்கும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று கவனியுங்கள். நிறம் அடர்ந்தால் தண்ணீர் போதவில்லை என்று அறியுங்கள். கோபம் வரும்போது, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தோம் என்று ஒரு கணம் யோசியுங்கள். குடித்துவிட்டு வந்து பேசுங்கள்.

விடுமுறையில் மதிய உணவுக்குப்பின் சிறிது நேரம் கண்ணயருங்கள். மற்ற பருவங்களில் பகல் தூக்கத்தை விலக்கும் ஆயுர்வேதம் கடுங்கோடையில் மட்டும் அதற்கு இடம் தருகிறது. ஆண்டு முழுவதும் நின்ற கால்களுக்கு அது தேவைதான்.

இந்த உரை முடிந்ததும் தேநீருக்குப் போவீர்கள். அதற்கு முன் ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.