தலை வணங்கும் கனிமரம்



கிளைகள் வானை நோக்கி எழாமல் நாற்புறமும் தரையை நோக்கித் தாழும் மரங்களை மேல்நாட்டார் 'அழும் மரங்கள்' என்கிறார்கள். எனக்கு அப்பெயரில் உடன்பாடில்லை. கனி தாங்கித் தாழ்கிற கிளையை வணங்குகிறது என்று நாம் சொல்வோமேயன்றி, அழுகிறது என்று சொல்லமாட்டோம்.

இவ்வகையில் பெயர் பெற்றது தாழ்கிளை முசுக்கட்டை, அதாவது மல்பெரி. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துக் கார்த்தேஜ் என்னும் ஊரில், 1883 வாக்கில், ஜான் தீஸ் என்பவருடைய நாற்றுகளிடையே தற்செயலாகத் தோன்றியது. தானே நிமிர்ந்து உயரும் இயல்பு அதற்கில்லை. ஆதலால் நேராக வளர்ந்த வேறொரு முசுக்கட்டையின் தண்டில் ஆள் உயரத்தில் அதனை ஒட்டுக் கட்டுகிறார்கள். அங்கிருந்து கிளைகள் குடைபோல இறங்குகின்றன. ஜப்பானியரின் தாழ்கிளைச் செர்ரியோ குளிர்காலத்துக் குளிரைப் பெற்றால்தான் நன்கு பூக்கும். பச்சைமலை அடிவாரத்தில், வேனிலில் காய்ந்து கிடக்கும் எங்கள் அரும்பாவூரில் அதை நட்டு என்ன பயன்?

நீரைக் குடம் குடமாக எண்ணிச் செலவிடுகிற வீட்டில், அழகுக்கென்றே ஒரு மரம் நிற்க இயலாது. அது காய்த்தாக வேண்டும். எங்கள் ஊர் மரச்சிற்பங்கள் 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றவை. ஆகவே மரம் என்றதும் இங்குள்ளோர் கண் முதலில் அடிமரத்தைத்தான் அளக்கும். கொய்யாவின் அடிமரமோ சிற்பிக்கு உதவாது. நெடுநெடுவென வளர்ந்து, உச்சியில் அணிலுக்கு மட்டும் நான்கு காய் கொடுக்கிற கொய்யா, விரைவில் அடுப்புக்குப் போய்ச் சேரும்.

அப்படி வெட்டுமுன் ஒரு பருவம் கயிறு கட்டிப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். நலமான, ஆனால் காய்க்காத நெடுங்கிளைகளை வளைத்து, தரையில் அடித்த முளைகளில் கட்டுவது நம் தோட்டக்கலையார் பரிந்துரைக்கும் முறையே. நிமிர்ந்த கிளையின் நுனியில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகிக் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. கிளை வளைந்ததும் நுனியின் அந்த அதிகாரம் தளர்கிறது. உறங்கிய மொட்டுகள் கிளையின் நெடுகிலும் விழித்துத் தளிர்க்கின்றன. கொய்யா புதுத் தளிரிலேதான் பூக்கும். ஆகவே தளிர் பெருகினால் காயும் பெருகும்.

நன்றாக நீர் பாய்ச்சிய பின், விரல் பருமனுள்ள கிளைகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். நுனியில் 10, 12 இணை இலைகளை மட்டும் விட்டு, மற்றவற்றைக் களைந்துவிடலாம். ஒரே இழுப்பில் இழுத்தால் கவட்டில் பிளந்துவிடும். சில நாள் இடைவிட்டுச் சிறிது சிறிதாகத் தாழ்த்துக. கயிறு பட்டையை அறுக்காதபடி இடையில் சாக்குத்துணி சுற்றுக. அடிமரத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் போத்துகளை அவ்வப்போது நீக்கிவர வேண்டும். இல்லாவிடில் மரம் மீண்டும் வான் பார்க்கத் தொடங்கிவிடும். புதிதாக நடுவோர் லக்னோ 49 என்னும் வகையை நடலாம். அது இயல்பாகவே பக்கவாட்டில் படரும். ஆகவே வளைப்பது எளிது.

இவ்வாறு தாழ்ந்த மரத்தில் பாட்டியும் பேரனும் துறட்டி இன்றிப் பறிக்கலாம். காய்க்குப் பை கட்டிப் பழ ஈயிலிருந்து காப்பதும் கைக்கெட்டிய வேலையாகும்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். பேரனுக்கு எட்டுகிற கிளை ஆட்டுக்கும் எட்டும். கயிற்றுக்கு முன் வேலியைக் கட்டிவிடுங்கள்.