டிஸ்கோ தாளத்தில் இந்தோளம்



சென்னைக்குப் போகிறவர்களிடம் நம் தேயிலைத் தோட்டத்தில் சேலை சொல்லிவிடுவார்கள், கொலுசு சொல்லிவிடுவார்கள். என்னைக் கேட்டால், பழைய இசைத்தட்டுக் கடைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்பேன். அங்கே சினிமாத் தட்டுகளோடு நின்றுவிடாமல், சிந்தசைசரும் தாள இயந்திரமும் வாசிக்கும் மின்னணு இசைத்தட்டுகளையும் தேடுங்கள். அதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்றொரு கலைஞர் இருந்தார். இந்திப் படப் பாடல்களுக்கு வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். 1982இல் அவர் கையில் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள் இருந்தன: ஜூப்பிட்டர் 8 சிந்தசைசர், டிஆர் 808 தாள இயந்திரம், டிபி 303 என்ற சின்ன வெள்ளிநிறப் பெட்டி. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டுக்குப் பதிவு செய்தார். வட நாட்டார் பூபாளி என்பது நம் மோகனம், யமன் நம் கல்யாணி, மால்கௌன்ஸ் நம் இந்தோளம். மூன்றுமே அந்தத் தட்டில் இருக்கின்றன.

அந்த 303 பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது, மன்னியுங்கள். கிட்டார்காரர் தனியாகப் பழகும்போது கூடவே பேஸ் வாசிப்பதற்கென்று செய்த பெட்டி அது. பேஸ் கிட்டார் போல ஒலிக்கவில்லை என்று அதிகம் பேர் வாங்காததால், 1984இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். மலிவு விலைக்கு வந்த பெட்டிகளை அமெரிக்காவின் சிக்காகோ நகர இளைஞர்கள் வாங்கி, குமிழ்களைத் திருகித் திருகி ஒரு புது இசையையே பிறக்க வைத்தார்கள். அதுதான் ஆசிட் ஹவுஸ். அதற்கு வழி திறந்த ஃபியூச்சர் குழுவின் தட்டு வந்தது 1987இல். சரண்ஜித் சிங் அதே பெட்டியை வைத்து ஐந்து வருடம் முன்னாலேயே பைரவி வாசித்துவிட்டார்! ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அறுபடாமல் வழுக்கிப் போகும் வசதி அந்தப் பெட்டியில் உண்டு. இராகம் வாசிக்கிறவருக்கு வேறென்ன வேண்டும்?

அந்தத் தட்டு அப்போது விலை போகவில்லை. 2002இல் ஏடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரர் டெல்லியில் பழைய தட்டுகளைத் தேடியபோது அது அவர் கையில் அகப்பட்டது. 2010இல் அவரே அதை மறுபடி வெளியிட்டார். உலகம் அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தது. 2015இல் காலமான சரண்ஜித் சிங், முதுமையில் ஐரோப்பிய மேடைகளில் அதே இராகங்களை வாசித்தார்.

நான் ஹட்டன் பக்கம் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விட்டவன். ஒரு தோட்டத்துத் தேர்த் திருவிழாவில் பூசைக்கு நேரம் இருந்ததால் இந்த மால்கௌன்ஸைப் போட்டேன். பெட்டி ஸ்பீக்கர் வந்துவிட்ட காலம் அது. பழைய கூம்பு ஸ்பீக்கரில் பேஸ் கேட்கவே கேட்காது. பொடியன்கள் ஆட ஆரம்பித்தார்கள். திண்ணையில் இருந்த நாதஸ்வரக்காரர் தொடையில் தாளம் போட்டபடி, "தம்பி, இந்தோளம்தானே? யாரப்பா வாசிக்கிறது?" என்று கேட்டார். மெசின் என்றேன். "மெசினுக்குப் பின்னால ஆள் இருக்கான்" என்றார்.

சென்னையில் எங்கே தேடுவது? பழைய பொருள்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. கடைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், விசாரித்துப் போங்கள். 1986இல் வந்த 'புன்னகை மன்னன்', 'விக்ரம்' தட்டுகள் கிடைத்தால் விடாதீர்கள். இளையராஜாவின் சிந்தசைசர் வேலை அவற்றில் உண்டு. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வரிகள் சாம்பல் பூத்திருந்தால் ஊசி தேய்த்துத் தின்ற தட்டு அது. கண்மட்டத்தில் பிடித்து வளைவு பாருங்கள். போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். பேஸ் அதிகமான இடத்தில் ஊசி துள்ளினால் வேண்டாம். விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் வேனுக்குள் விட்டால் வளைந்துவிடும்.

சுருக்கமாகச் சொல்கிறேன்: பேர்போன தட்டை யாரும் வாங்குவார்கள், ஊரார் ஒதுக்கியதைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். நம் வீடுகளிலும் தாத்தா காலத்துத் தட்டுகள் கிடக்கும். நுவரெலியாக் குளிருக்கும் ஈரத்துக்கும் அவற்றில் பூஞ்சணம் பிடிக்கும். மெல்லிய துணியால் துடைத்து, படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்குங்கள். பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் ஒரு தடவை போட்டுக் கேளுங்கள்.