நிறுத்தி வெச்ச லோடரை ஏன் நம்பக் கூடாது?

பின்லாந்து காடுகள்ல சுமார் 60 சதவீதம் தனிநபர்கள், குடும்பங்கள் கையில இருக்குன்னு போன எபிசோட்ல பார்த்தோம். அவங்கள்ல பலர் பண்ணை டிராக்டரையே காட்டு வேலைக்கும் வெச்சுக்கிறாங்க. டிராக்டர் பின்னாடி, த்ரீ பாயின்ட் லிங்கேஜ்ல ஒரு சின்ன கிரேன். நுனியில மரக்கட்டையைக் கவ்வுற இடுக்கி. இதுதான் ஃபாரஸ்ட்ரி லோடர். இதை எப்படிச் சோதிக்கிறது, எப்படி ரோட்டுல கொண்டுபோறதுன்னு இன்னிக்குப் பேசலாம்.

நான் சாஃப்ட்வேர்காரன். எனக்கு ஒரு புரோகிராமை நிறுத்தினா அது நின்னுடும். ஹைட்ராலிக்ஸ் அப்படி இல்லை. எஞ்சினை அணைச்ச பிறகும் குழாய்க்குள்ள அழுத்தம் மிச்சம் இருக்கும். கார் டயர்ல இருக்கிறது 2 பாருக்குக் கொஞ்சம் மேல. இந்த லோடர்கள்ல 200 பார் வரைக்கும் போகும்.

அதனால வரிசை முக்கியம். முதல்ல கிரேனைத் தரையில இறக்கி வைக்கணும். அடுத்து எஞ்சினை அணைச்சு, சாவியை எடுத்து பாக்கெட்ல போடணும். கை லீவர் உள்ள லோடர்னா, ஒவ்வொரு லீவரையும் ரெண்டு பக்கமும் அசைச்சு, மிச்ச அழுத்தத்தை விடணும். அதுக்கப்புறம்தான் கிட்டப் போகணும். பின்கள், அதோட பூட்டுகள், வெல்டிங்ல விரிசல், உரசித் தேஞ்ச ஹோஸ் எல்லாத்தையும் பார்க்கணும்.

கசிவு இருக்கான்னு கையால தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வர்ற எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளியில சின்னப் புள்ளிதான் தெரியும், ஆரம்பத்துல வலியும் பெருசா இருக்காது. ஆனா விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்க. மேல பட்டுட்டா, வலிக்கட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி. அங்க, "அழுத்தத்துல வந்த ஹைட்ராலிக் எண்ணெய்"னு தெளிவா சொல்லணும்.

அடுத்தது ரோடு. ஒரு கணக்கு போடுவோம். 3,000 கிலோ டிராக்டர், முன் அச்சுல 1,200 கிலோ, ரெண்டு அச்சுக்கும் நடுவுல 2.2 மீட்டர். 1,000 கிலோ லோடரோட எடை மையம் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னாடி இருந்தா, முன் அச்சுல சுமார் 455 கிலோ குறையும். 745 மிச்சம். அதே மையம் 1.6 மீட்டருக்குத் தள்ளிப்போனா 473தான் மிச்சம். டிராக்டர் எடையில 20 சதவீதமாவது முன் சக்கரத்துல இருக்கணும்ங்கிறது பரவலா சொல்ற அளவு. இங்க அது 600 கிலோ. அதுக்குக் கீழ போனா ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் வண்டி சரியா திரும்பாது.

அதனால கிரேனை டிராக்டரை ஒட்டி மடிச்சு வைங்க. தேவைப்பட்டா முன்னாடி எடை மாட்டுங்க. இடுக்கியை ஆடாம கட்டுங்க. பக்கவாட்டுக் கால்களைத் தூக்கி, பின் போட்டுப் பூட்டுங்க. ஹைட்ராலிக்ஸை மட்டும் நம்பி விடாதீங்க. கடைசியா உயரத்தை டேப் வெச்சு அளங்க. பின்லாந்து ரோட்டுல வரம்பு 4.4 மீட்டர். காட்டுப் பாதையில தாழ்வா தொங்குற மின்கம்பி எந்த வரம்பையும் பார்த்து தொங்காது.

இந்தச் சோதனைக்கெல்லாம் பத்து நிமிஷம் போதும். அவசரமா இருக்கிற அன்னிக்கும் அந்தப் பத்து நிமிஷத்தை ஒதுக்குங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.