வைப்பாளரின் அச்சமும் வங்கியின் வீழ்ச்சியும்

(பயிற்சி அலுவலர்களுக்கும் பொருளியல் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் சுருக்கம்)

வங்கியில் செலுத்திய பணம் முழுவதும் அங்கேயே பெட்டகத்தில் இருப்பதில்லை. அதன் பெரும்பகுதி கடனாக வெளியே சென்றுவிடுகிறது. ஆயினும், கேட்ட நாளில் கேட்ட தொகை கிடைக்கும் என்ற உறுதியே வங்கித் தொழிலின் அடித்தளம். அந்த உறுதி குலைந்தால் நேர்வது என்ன என்பதற்கு 1960ஆம் ஆண்டில் வீழ்ந்த பாலாய் சென்ட்ரல் வங்கி தக்க சான்றாகும்.

கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்துச் சிறு நகரமான பாலாயில் 1927இல் தோன்றிய இவ்வங்கி, பின்னர் அம்மாநிலத்தின் மிகப்பெரிய வங்கியாக வளர்ந்தது. ஆனால் அதன் கடன்களின் தரம் வளர்ச்சிக்கு ஈடாக அமையவில்லை. போதிய பிணையமின்றியும் திரும்பும் வாய்ப்பின்றியும் பல கடன்கள் தேங்கிக் கிடந்ததை ரிசர்வ் வங்கியின் ஆய்வுகள் 1950களிலேயே கண்டறிந்தன.

இருதலைக் கொள்ளி

இங்குதான் கண்காணிப்பாளரின் இக்கட்டு எழுகிறது. குறையை வெளியிட்டால் வைப்பாளர்கள் திரண்டு வந்து வங்கியை அன்றே மூடச் செய்வர். வெளியிடாவிடில், நிலைமை அறியாத புதிய வைப்பாளர்கள் தம் சேமிப்பை அதே வங்கியில் கொண்டுவந்து சேர்ப்பர். காலம் கடந்தால் வங்கி தேறும் என்ற எதிர்பார்ப்பில் ஆண்டுகள் கழிந்தன.

1960இல் லட்சுமி வங்கி வீழ்ந்ததும் வைப்பாளர்களின் கலக்கம் பெருகியது. பாலாய் வங்கியிலிருந்து பணம் விரைந்து வெளியேறியது. ஆகஸ்ட் 8 அன்று அதனைக் கலைக்குமாறு ரிசர்வ் வங்கி கேரள உயர்நீதிமன்றத்தில் விண்ணப்பித்தது. இதற்கான சட்டப்பிரிவு செல்லும் என உச்சநீதிமன்றம் 1962இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது.

வைப்பாளர்களின் பீதியே வங்கியை அழித்தது என்று கூறுவது பாதி உண்மையே. வைப்புகள் முதலிய பொறுப்புகளில் 20 விழுக்காட்டினை ரொக்கம், தங்கம், அரசுப் பத்திரங்கள் முதலியவையாக வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். எஞ்சியது நல்ல கடன்களாக இருப்பின், அவற்றின் ஈட்டின்மேல் ரிசர்வ் வங்கியிடம் கடன் பெற்று நெருக்கடியைத் தாண்ட இயலும். கடன்களே வாராதவையாயின், அவற்றை ஈடாக ஏற்பார் எவருமிலர். வைப்பாளரின் நோக்கிலும் முந்தி வருவது அறிவுடைமையே. முதலில் நிற்பவர் முழுத்தொகை பெறுவார், கடைசியில் நிற்பவர் கலைப்பு முடியும்வரை காத்திருப்பார். அவ்வாறு பிந்துபவர் பெரும்பாலும் செய்தி எட்டாத சிறு சேமிப்பாளரே.

இரு பாதுகாப்புகள்

பாலாய் வங்கி வீழ்ந்ததும் கேரளத்தின் பிற வங்கிகளிலும் கலக்கம் பரவியது. இதன் விளைவாக இரு சீர்திருத்தங்கள் வந்தன. முதலாவது, 1960ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம். நலிந்த வங்கியின் கொடுப்புகளைச் சில காலம் நிறுத்திவைத்து, அதனை வலுவான வங்கியுடன் இணைக்க இது வழிவகுத்தது. 1951இல் 566ஆக இருந்த வங்கிகளின் எண்ணிக்கை 1969இல் நூற்றுக்கும் கீழே குறைந்ததில் இத்தகைய இணைப்புகளுக்கும் பங்குண்டு.

இரண்டாவது, 1962 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வைப்புக் காப்பீடு. ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு முதலில் ரூ.1,500 வரை காப்பு அளிக்கப்பட்டது. இது 1993இல் ரூ.1 லட்சமாகவும் 2020இல் ரூ.5 லட்சமாகவும் உயர்ந்தது. இதற்கான கட்டணத்தை வங்கிகளே செலுத்துகின்றன. வங்கி மூடப்படும்வரை காத்திராமல், பணம் எடுக்கத் தடை விதிக்கப்பட்ட 90 நாட்களுக்குள் காப்புத்தொகை வழங்க 2021ஆம் ஆண்டுத் திருத்தம் வகைசெய்கிறது. மும்பையில் ஒரு பெரிய கூட்டுறவு வங்கியின் வைப்பாளர்கள் 2019இல் தொடக்கத்தில் ரூ.1,000 மட்டுமே எடுக்க அனுமதிக்கப்பட்டதை நோக்கின், இத்திருத்தத்தின் தேவை விளங்கும்.

காப்பீடு சிறு வைப்பாளரின் அச்சத்தைத் தணிக்கும், வாராக்கடனை வரவழைக்காது. ஆகவே, ஆய்வறிக்கையில் குறை காணப்பட்ட ஆண்டிலேயே நடவடிக்கை தொடங்குவது அலுவலரின் கடமை. பாலாயில் தவறியது அதுவே.