நெருஞ்சி கற்பிக்கும் நடை
(திருவிழாவின்போது அறநெறிப் பாடசாலைச் சிறார்க்கு ஆற்றிய உரை)

 

மழை பெய்து ஓய்ந்தபின் மேய்ச்சல் நிலத்திலும் தரிசிலும் வழியோரத்திலும் தரையோடு தரையாகப் படர்ந்து, பொன்னிறப் பூக்களைத் தாங்கி நிற்கும் சிறு செடியொன்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுவே நெருஞ்சி. அதன் முள்ளை அறியாத கால் நம் ஊரில் இல்லை; அதன் மலரை உற்று நோக்கிய கண்களோ மிகச் சிலவே.

நாளைக் காலை அதனருகே குனிந்து பாருங்கள். பூவுக்கு மஞ்சள் இதழ்கள் ஐந்து. எதிரெதிராக அமைந்த இரண்டு இலைகளுள் ஒன்று பெரிது, மற்றொன்று சிறிது. ஒவ்வோர் இலையும் புளியிலை போலச் சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். இம்மலர் ஞாயிற்றை நோக்கி நிற்பதனைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். கண்ணுக்கு இனிய பூவே பின்னர் முள்ளைத் தருவதனைக் குறுந்தொகையின் 202ஆம் பாடல் உவமையாக்குகிறது. திருக்குறளின் 1120ஆம் குறளிலும் நெருஞ்சிப் பழம் இடம்பெறுகிறது. நீரடைப்புக்கும் கல்லடைப்புக்கும் சித்த மருத்துவர் இதனை மருந்தாகக் கொள்வர்.

முள் எதற்காக? காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொன்றினுள்ளும் விதைகள் உண்டு; வெளியே கூரிய முட்கள் உண்டு. நடக்க இயலாத செடி, ஆட்டின் குளம்பிலும் நம் செருப்பிலும் மிதிவண்டிச் சக்கரத்திலும் தன் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறது. நம்மை வருத்தும் எண்ணம் அதற்கில்லை. தன் குலம் தழைக்க அது கண்ட வழி அவ்வளவே.

சென்ற ஆண்டு நம் பாடசாலையில் ஒரு சிறுமி என்னிடம் வினவினாள்: "ஐயா, செடியும் ஓரறிவுயிர் என்கிறீர்கள். என் அப்பா நெருஞ்சியைக் களைக்கொட்டால் கொத்தி எறிகிறாரே! அவர் பாவம் செய்கிறாரா?" கேட்கும்போதே அவள் கண்கள் கலங்கின. உழவுத் தொழில் செய்யும் நம் குடும்பங்கள் அனைத்திற்கும் உரிய வினா அது.

துறவியரின் மகாவிரதம் வேறு; இல்லறத்தாரின் அணுவிரதம் வேறு. கொல்லவேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்யும் சங்கற்ப இம்சையை இல்லறத்தார் அறவே விலக்கவேண்டும். உழவு முதலிய தொழிலில் நேரும் இம்சையை முற்றிலும் விலக்க அவர்க்கு இயலாது. ஆயினும் அதனைக் குறைத்துக்கொள்ளவும், நேர்ந்ததற்கு உளமார வருந்தவும் அவர் கடமைப்பட்டவர். பயிரைக் காக்கத் தந்தையார் களையெடுப்பது தொழில். வழியே போகும் நாம் விளையாட்டாக ஒரு செடியைக் காலால் சிதைப்பது தொழிலன்று. இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தபின்னரே அச்சிறுமியின் முகம் தெளிந்தது.

நம் முனிவர்கள் வெறுங்காலோடு நடப்பவர்கள். பகலொளியில், நான்கு முழத் தொலைவு தரையை நோக்கி, எவ்வுயிரும் மிதிபடாமல் அடியெடுத்து வைப்பார்கள். இதனை ஈரியா சமிதி என்பர். சிலப்பதிகாரத்தில், கோவலன் கண்ணகியரோடு மதுரைக்குப் புறப்படும் கவுந்தியடிகள், நீர்க்கரை வழியில் நண்டும் நத்தையும் காலடியில் பட்டு வருந்துமானால் அத்துன்பம் பொறுக்கலாகாது என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார். நெடுவழி நடக்கவிருந்த அவர், தம் கால் நோவதைப் பற்றி அங்கே கவலைப்படவில்லை.

குழந்தைகளே! நெருஞ்சி உள்ள வழியில் நாம் தரையைப் பார்த்தே நடக்கிறோம். நம் கால் நோகும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். முள் இல்லாத வழியிலும் அவ்வாறே நடந்தால் எறும்பும் புழுவும் பிழைக்கும். அச்சத்தால் கற்ற நடையை அருளால் தொடர்வதே அகிம்சை.

இன்று ஒரு சிறு நியமம் ஏற்போம். ஜினாலயத்திற்கு வரும் வழியில் உதிர்ந்த நெருஞ்சிமுள்ளைக் கண்டால், அதனை எடுத்து எவர் காலும் படாத வேலியோரத்தில் இடுவோம். பின்னால் வருபவர் காலும் நோகாது. அவ்விதையும் தனக்குரிய மண்ணைப் பெறும்.

அறம் வளர்க!